இலை ஓரத்து வெள்ளைக் கோடு போய்விட்டது

மூன்று வாரங்களாக ஒரே புகைப்படத்தோடு கணினியில் மல்லுக்கட்டினேன். நீல வானம், அதன் முன்னே அடர்ந்து படர்ந்த ஒரு மரம். கறுப்பு வெள்ளையில் வானம் இருள வேண்டும், இலைகள் ஒளிர வேண்டும். நேற்றிரவுதான் அது கைகூடியது.

நிறச்செறிவைப் பூஜ்யமாக்கினால் வானமும் இலையும் ஒரே சாம்பலாகிவிடும். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. எல்லோரையும் போல நானும் நீல ஸ்லைடரை, அதாவது நீல நிறம் எவ்வளவு இருள வேண்டும் என்று சொல்லும் பட்டையை, கீழே இழுத்தேன். வானம் அழகாக இருண்டது. ஆனால் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒவ்வோர் இலையின் ஓரத்திலும் மெல்லிய வெள்ளைக் கோடு! கத்தரித்து ஒட்டிய காகிதம் போல இருந்தது. அந்தக் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு கண்ணுக்கு வேறெதுவும் தெரிவதில்லை.

காரணம் புரிய நாளாயிற்று. அந்த ஸ்லைடர் ஒவ்வொரு புள்ளியையும் “நீ நீலமா?” என்று கேட்டுத்தான் இருளாக்குகிறது. இலை ஓரத்துப் புள்ளியோ பாதி இலை, பாதி வானம். நீலக் கணக்கில் முழுதாகச் சேராமல் வெளிறியே நின்றுவிடுகிறது. ஜேபெக் கோப்பு என்றால் இன்னும் மோசம். அதில் பெரும்பாலும் நிறத்தைப் பிரகாசத்தைவிடக் குறைந்த நுணுக்கத்தில்தான் சேமிக்கிறார்கள். நிறத்தின் எல்லையே மழுங்கியிருக்கும்.

அதனால் கேமரா பதிந்த மூலத் தரவான ரா கோப்புக்குப் போனேன். லென்ஸின் நிறப்பிறழ்ச்சியை, அதாவது ஓரங்களில் நிறம் பிரிந்து கசிவதை, முதலில் திருத்தினேன். பிறகு கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் 16 பிட் நுணுக்கத்தில் திறந்து, ஸ்லைடரைத் தொடாமல், மூன்று நிறங்களையும் விகிதம் சொல்லிக் கலக்கும் சானல் மிக்ஸரில் சிவப்பு 0.9, பச்சை 0.4, நீலம் -0.3 என்று வைத்தேன். எல்லாப் புள்ளிக்கும் ஒரே விகிதம் என்பதால் ஓரத்துப் புள்ளி இரண்டுக்கும் நடுவில் இயல்பாக அமர்கிறது. கோடு மறைந்தது. ஆனால் வானம் முழுக்க மணல் தூவியது போலப் பொரிப்பொரியாகிவிட்டது! நீலத்தைக் கழிக்கும்போது அதன் இரைச்சல் (படத்தில் பொரியாகத் தெரியும் சிதறல்) கழிவதில்லை, கூடுகிறது. 0.7, 0.5, -0.2 என்று இறங்கி வந்தபோதுதான் வானமும் இருண்டு மணலும் அடங்கியது.

1927இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், கலிஃபோர்னியாவின் யோசமிட்டியில் உள்ள ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் வடிகட்டியோடு எடுத்தார். பிறகு நீல ஒளியைத் தடுக்கும் ஆழ்சிவப்பு வடிகட்டியை மாட்டி எடுத்தபோதுதான் அந்தக் கரிய வானம் கிடைத்தது. கண்ணாடித் தகட்டில் எடுத்த முடிவை அவரால் திருப்பிப் பெற முடியாது. என்னால் இரவு முழுக்கத் தசமங்களை மாற்றிக்கொண்டிருக்க முடிகிறது. அந்தப் பாறைப் படத்தின் மேல் எனக்கிருக்கும் மரியாதை இந்த மூன்று வாரத்தில் இரட்டிப்பாகிவிட்டது.

அச்சுக்கு ஹானமூலே நிறுவனத்தின் ஃபோட்டோ ராக் என்ற மேட் தாளை (பளபளப்பில்லாதது, சதுர மீட்டருக்கு 308 கிராம்) ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டேன். மேட் தாளில் கரிய வானம் சற்றுச் சாம்பலாகத்தான் விழும்; சற்றுப் பளபளப்பும் ஆழ்ந்த கருமையும் தரும் பரைட்டா தாள்தான் சரியோ என்று இப்போது மனம் அலைகிறது. இரண்டிலும் ஒரு சிறு துண்டு அச்சிட்டுப் பார்க்கப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. வெயில் பட்ட இலைகளில் சிவப்பும் சேர்ந்திருப்பதால் அவை ஒளிர்கின்றன. கீழ்க்கிளையில் நிழலில் இருக்கும் இலைகள் வானத்தோடு வானமாய்க் கரைந்துபோகின்றன. அந்தக் கிளைக்கு மட்டும் பச்சையைக் கூட்டிய தனி அடுக்கு ஒன்றைச் செய்து, அது எங்கே தெரிய வேண்டும் என்று சொல்லும் முகமூடியை (மாஸ்க்) மென்பொருளின் தூரிகையால் தீட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினோரு இலைகள் முடிந்திருக்கின்றன.