வாக்களித்துப் படித்த ஆண்டும் கணக்குப் போட்ட ஆண்டும்

முதுநிலைப் பொறியியல் படிப்புகளுக்கான கேட் தேர்வின் உயிர்மருத்துவப் பொறியியல் தாளில் இரண்டாம் முயற்சியில் தகுதி பெற்றுவிட்டேன் என்று சென்ற வாரம் தெரிந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தரவரிசை இல்லை. ஆனாலும் சென்ற முறை தகுதி மதிப்பெண்ணையே எட்டாதவனுக்கு இது போதும். கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் கருவிகளைப் பராமரித்துக்கொண்டே படித்தவன் என்பதால், முழுநேரமும் படிப்பவர்களுக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாமல் போகலாம்.

இந்தத் தாள் 2020இல்தான் கேட் தேர்வில் சேர்ந்தது. மின்னியல்காரர்களுக்கு இருப்பதுபோல் பழைய வினாத்தாள் குவியல் நமக்கு இல்லாததால், எல்லோரும் டெலிகிராம் குழுக்களில்தான் போய் விழுகிறோம். நானும் விழுந்தேன்.

குழுவில் இரவுதோறும் வினாடி வினா வாக்கெடுப்பு நடக்கும். 1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் ஹைட்ரஜனின் லார்மோர் அதிர்வெண் (எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அணுக்கரு சுழன்றாடும் அதிர்வெண்) எவ்வளவு என்று கேட்டு நான்கு விடைகள் கொடுப்பார்கள். ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ் என்பது மனப்பாடமாக இருக்கும்; ஒன்றரையால் பெருக்கக்கூடச் சோம்பல்பட்டு, 64 மெகாஹெர்ட்ஸ் என்பதைத் தொட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவேன். தேர்வுக்குப் பத்து நாள் முன்பு எழுதிய மாதிரித் தேர்வில் அதே வினா, விடைத்தெரிவுகள் இல்லாமல், சுழல்காந்த விகிதத்தை டெஸ்லாவுக்கு நொடிக்கு 2.675 × 10⁸ ரேடியன் என்று கொடுத்து வந்தது. நான் 401 என்று தட்டினேன். அதை 2πஆல் வகுத்தால்தான் 63.9 வரும் என்பது மனத்துக்குத் தெரியும். கை ஒருமுறைகூட வகுத்துப் பழகியதில்லை. எண் விடை வினாக்களுக்கு எதிர்மதிப்பெண் இல்லை என்பது ஆறுதலாகத் தோன்றினாலும், நான்கில் ஒன்றைத் தேடிப் பழகியவனுக்கு அந்த வெற்றுக் கட்டத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. உண்மைத் தேர்விலும் இப்படித்தான் தோற்றேன்.

இந்த ஆண்டு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: தெரிவுகளை மறைத்துவிட்டு, தாளில் விடையை அலகோடு எழுதி முடித்த பிறகே வாக்களிப்பது. சம்பா அறுவடை நாட்களில், இயந்திரம் இரவெல்லாம் வயலில் இரைந்துகொண்டிருக்க, அப்பா களத்தில் நெல்லுக்குக் காவல் இருந்தபோதும் இந்த விதியை மீறவில்லை.

லிங்க்ட்இன் வேறு வகை. பாதிப் பதிவுகள் வேலை மாறிய செய்தி. மீதியில் பெரும்பாலானவை நம் துறைக்கு மதிப்பில்லை என்ற புலம்பல், அதில் நானும் சேர்ந்து புலம்பியிருக்கிறேன். ஆனால் இதயத்தோடு நேரடியாக இணைக்கத்தக்க சி.எஃப். வகைக் கருவியில் நோயாளிக்குச் செல்லும் கசிவு மின்னோட்டம் இயல்பு நிலையில் ஏன் 10 மைக்ரோ ஆம்பியருக்குள் இருக்க வேண்டும், இதயத்தை நேரடியாகத் தொடாத பி.எஃப். வகைக்கு மட்டும் ஏன் 100 வரை விடுகிறார்கள் என்று சர்வீஸ் பொறியாளர்கள் சிலர் வாதிட்டதைப் படித்த மறுநாள், எங்கள் ஐ.சி.யூ. மானிட்டரின் பக்கவாட்டைக் குனிந்து பார்த்தேன். ஈ.சி.ஜி. கேபிள் செருகும் இடத்தில் சதுரத்துக்குள் ஓர் இதயம் இருந்தது; சி.எஃப். வகையின் குறி அது. தினமும் துடைத்த இடம்தான். இதயத்தை நேரடியாகத் தொடக்கூடிய இணைப்புக்கு அவ்வளவு சிறிய மின்னோட்டமே ஆபத்து என்பது அன்றுதான் உறைத்தது.

இன்னும் சில:

- ஐயம் கேட்கும்போது வினாவோடு உங்கள் கணக்கையும் படமெடுத்துப் போடுங்கள். வெறும் வினாவுக்கு ஏ, பி என்று வெறும் எழுத்துதான் விடையாக வரும்.
- வேலையிடத்துக் கருவித் திரையைப் பகிர்வதானால் நோயாளியின் பெயரும் எண்ணும் தெரியக்கூடாது.
- தேர்வுத் திரையில் தரும் கணிப்பானிலேயே பழகுங்கள்.
- ஜனவரியில் குழுக்களை விட்டு வெளியேறுங்கள். பேசிப் பேசிப் படிப்பவர்களுக்கு இது ஒத்துவராது, எனக்கு ஒத்துவந்தது.

ஐ.ஐ.டி. மெட்ராஸ், வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகிய மூன்றும் இணைந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். மதிப்பெண் மூன்றாண்டு செல்லும், அவசரம் என்ன என்று அம்மா கேட்கிறார். எனக்கு இருபத்தேழு வயதாகிறது.