பத்து முடிச்சுக் கயிறு

பொங்கல் கழிந்த கையோடு, ஜனவரி 16 அன்று, அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஹட்டனில் கண்டி பஸ் ஏறினேன். அன்று புனித ஜோசப் வாஸ் அடிகளாரின் திருநாள். கினிகத்தேனை வளைவுகள் முடியும்வரை அம்மா எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடியே இருந்தார். நாவலப்பிட்டி தாண்டித்தான் பேச்சு வந்தது.

"அந்தோனியாரத் தெரியும், செபஸ்தியாரத் தெரியும். இவரு யாருய்யா? ஒழுங்காச் சொல்லு."

2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் இவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததை டீவியில் பார்த்த ஞாபகம் மட்டும் அம்மாவுக்கு உண்டு. நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கோவாவில் 1651இல் பிறந்தவர். 1687இல் இலங்கைக்கு வந்தபோது கரையோரம் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கையில். கத்தோலிக்கக் குருவானவர்களுக்குத் தடை. இடம் கொடுத்தவர்களுக்கும் தண்டனை. இவர் ஏழைக் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் போய், தமிழ் படித்து, கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். மாலையைப் பார்த்ததும் யார் முகம் மாறுகிறது என்று கவனித்தே நம்ம ஆட்களைக் கண்டுபிடித்தார்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

அம்மா பிறந்தது வேதக்காரக் குடும்பம், கத்தோலிக்கம். அப்பா வீடு தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி வகையறா. "உன் சாமிய நீ கும்பிட்டுக்க" என்று சொல்லித்தான் அப்பா தாலி கட்டினார். ஆனால் லயத்துக் காம்பராவில், அந்த வரிசை வீட்டு அறையில், அப்பா மட்டுமா இருந்தார்? திருவிழாவில் எது பிசகினாலும் "வேதக்காரி இருக்க வீடு" என்று பேச்சு வரும். ஒரு சண்டையில் சித்தப்பா அம்மாவின் செபமாலையை அறுத்துப் பீலிக் கானில், தண்ணீர்க் குழாயடிச் சாக்கடையில், வீசிவிட்டார். தேடியதில் ஏழெட்டு மணிதான் கிடைத்ததாம்.

அதற்குப் பிறகு அம்மா மாலை வாங்கவில்லை. கொழுந்து எடுக்கும்போது சேலைக்கு மேலே சுற்றுகிற முரட்டுத் துணிதான் படங்கு; அதை இடுப்பில் கட்டுகிற கயிற்றில் மணிக்குப் பதிலாகப் பத்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். கொழுந்து எடுக்கும்போது இரண்டு கையும் ஓடும், எண்ண முடியாது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்திலும், நிறுவைக்கு நிற்கிற வரிசையிலும் கயிற்றைச் சரிசெய்வது மாதிரி ஒவ்வொரு முடிச்சாகத் தள்ளுவார். கங்காணிக்கும் தெரியாது, பக்கத்து நிரைக்காரிக்கும் தெரியாது. ஒளித்துக் கும்பிடுவது என்ன விசுவாசம் என்று பத்தாம் வகுப்புத் திமிரில் நான் கேட்டிருக்கிறேன். கேட்ட நான், தடுக்க ஆளே இல்லாத கொழும்பில் வருஷக்கணக்காகப் பூசைக்குப் போகாதவன்.

"அந்தச் சாமியாரு நம்ம வாசலுக்கு வந்திருந்தா சோறு போட்டிருப்பேன்யா" என்றார் அம்மா, பேராதனை வரும்போது. "கயித்தக் காட்டியிருப்பேனாங்கிறதுதான் தெரியல."

டி.எஸ். சேனநாயக்க வீதியிலுள்ள புனித அந்தோனியார் பேராலயத்துக்கு மெல்ல நடந்தோம். அம்மாவின் முழங்காலுக்கு அதுவே அதிகம். உள்ளே மூலை வாங்கில் உட்கார்ந்து மீதிக் கதையைக் காதோரம் சொன்னேன். 1692இல் கண்டிக்கு வந்தவரைப் போர்த்துக்கேய ஒற்றன் என்று சந்தேகப்பட்டு கண்டி ராசா இரண்டாம் விமலதர்மசூரியன் சிறையில் போட்டான். அங்கேயும் செபத்தை விடவில்லை, சிங்களமும் படித்தார். 1697இல் ஊரில் பெரியம்மை. ராசாவே ஊரை விட்டுப் போனான். கைவிடப்பட்ட நோயாளிகளோடு இருந்து கழுவித் துடைத்தது, செத்தவர்களைப் புதைத்தது எல்லாம் இவர். கண்டியிலேயே 1711 ஜனவரி 16 அன்று இறந்தார்.

"அம்மையா?" அம்மா நிமிர்ந்தார். "அம்மை கண்ட ஆளுகிட்ட நின்னாரா?"

"ஆமாம்மா."

"ஒஞ் சித்தப்பாவுக்கு அம்மை போட்டப்ப வேப்பிலை அரைச்சுத் தடவுனது நாந்தான். நீ அப்ப கைப்புள்ள."

இது எனக்குத் தெரியாது. மாலை அறுந்ததற்கு முன்பா பின்பா என்று கேட்டேன். "பின்னாடிதான்" என்றவர், மெழுகுதிரி வாங்க எழுந்துவிட்டார். இரண்டு வாங்கினார். ஒன்று சித்தப்பாவுக்கு, அடுத்த வாரம் கண் ஆபரேஷன். சித்தப்பா இன்றைக்கும் அந்த மாலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

திரும்பும்போது ஒரு நல்ல செபமாலை வாங்கிக் கொடுத்தேன். பேத்திக்கு என்று பைக்குள் வைத்துக்கொண்டார். கம்பளை தாண்டியதும் பார்த்தால், முந்தானைக்குள் கை அசைகிறது. நைந்து கறுத்த அதே கயிறு.

"எத்தனையாவது முடிச்சும்மா?"

"பேச்சுக் குடுத்து எண்ணிக்கையக் குழப்பாத" என்றார்.