213க்கு அடுத்த பக்கம் 216

அமெரிக்கச் சட்டக் கல்லூரி ஒன்றின் இணையக் காப்பகத்திலிருந்து ஒரே ஒரு பழைய கட்டுரையை முழுதாக வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தக் கல்லூரியில் மாலை நேர வகுப்புகள் தொடங்கிய கதையை, அங்கேயே பாடம் நடத்திய பேராசிரியர் 1950களில் முன்னாள் மாணவர் இதழில் எழுதியது. சட்ட ஆய்விதழ்கள் என்றால் ஹெய்ன்ஆன்லைன் என்ற சட்டத் தரவுத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். கல்லூரி தனக்கென நடத்தும் இந்த மாதிரி இதழ்களுக்குக் கல்லூரிக் காப்பகத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

தரவிறக்கம் இலவசம், கணக்கு கூடத் தொடங்க வேண்டாம். தேடல் பெட்டிதான் கழுத்தறுத்தது. ஆசிரியர் பெயரைப் போட்டால் பூஜ்யம். கட்டுரைகளைத் தனித்தனியாகப் பிரிக்காமல் முழு இதழையும் ஒரே கோப்பாக ஏற்றியிருந்ததால், விவரப் பட்டியலில் அவர் பெயரே இல்லை. உள்ளே இருக்கும் எழுத்தைத் தேடலாம் என்றால், அவர் பெயரில் அடுத்தடுத்து வரும் ஆர், என் (r, n) இரண்டையும், ஸ்கேன் படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் மென்பொருள் ஒட்டவைத்து எம் (m) என்று படித்துவைத்திருந்தது! எனவே தேடலில் வரவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தொகுதி தொகுதியாகத் திறந்து பொருளடக்கத்தைக் கண்ணால் பாருங்கள். அப்படித்தான் எனக்கு அகப்பட்டது.

சந்தோஷம் நீடிக்கவில்லை. 213ஆம் பக்கத்துக்கு அடுத்து 216. ஸ்கேன் செய்தவர் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டியிருக்க வேண்டும். எனக்கு வேண்டிய அடிக்குறிப்பு சரியாக அந்த இடைவெளியில்.

தளத்தின் தொடர்புப் படிவத்தில் எழுதினேன். "எங்களிடம் இருப்பதெல்லாம் தளத்தில் இருக்கிறது" என்று பதில் வந்தது. விளக்கி மறுபடி எழுதியதற்கும் அதே வாக்கியம், முற்றுப்புள்ளி கூட மாறாமல். படித்துப் பார்த்துத்தான் பதில் போடுகிறார்களா என்றே சந்தேகம்.

அப்புறம் சட்ட நூலகத்தின் பணியாளர் பக்கத்தில் சிறப்புத் தொகுப்புகளைப் பார்ப்பவரின் முகவரியைத் தேடிப் பிடித்தேன். தொகுதி, இதழ் எண், கோப்பின் இணைப்பு, விடுபட்ட பக்கங்களின் அச்சு எண், அந்த இடத்தின் ஸ்கிரீன்ஷாட், எல்லாவற்றையும் ஒரே அஞ்சலில் வைத்தேன். மன்னிப்பு கேட்டுப் பதில் எழுதினார். பைண்டு செய்த பிரதியை அலமாரியிலிருந்து எடுத்து, இரண்டு பக்கங்களையும் ஸ்கேன் செய்து அனுப்பியும் விட்டார்.

அமெரிக்காவின் முன்னணிச் சட்ட நூலகங்களின் இயக்குநர்கள் 2009இல் வெளியிட்ட டர்ஹாம் அறிக்கை, நிலையான, திறந்த மின்வடிவம் இருந்தால் சட்ட ஆய்விதழ்களை அச்சிடுவதை நிறுத்திவிடலாம் என்றது. நல்ல எண்ணம்தான். எனக்குக் கைகொடுத்தது என்னவோ தூசி படிந்த அந்த அச்சுப் பிரதி.

மேற்கோள் காட்டும்போது ஒன்று கவனியுங்கள். கல்லூரிக் காப்பகங்கள் பல இயங்கும் டிஜிட்டல் காமன்ஸ் போன்ற தளங்கள் கோப்பின் முன்னால் ஒரு முகப்புத் தாளை ஒட்டித் தருவதுண்டு. அதனால் திரையில் தெரியும் பக்க எண்ணை நம்பாமல் அச்சில் உள்ள எண்ணையே கொடுங்கள். பார்த்த தேதியையும் குறித்துவிடுங்கள். என் விஷயத்தில் பழைய இணைப்பிலேயே புதுக் கோப்பை ஏற்றிவிட்டார்கள், மாற்றியதாக ஒரு வரி கூடப் போடவில்லை.