புதுக் கிளைக்கு யாரை அனுப்புவது?

துபாயில் ஒரு காபி ஷாப் செயினில் சில வருடம் கவுன்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். பெயர் வேண்டாம், நண்பர்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள். நான் சேர்ந்த நேரத்தில் அவர்களுக்கு வெளிநாட்டில் கிளை திறக்கும் வேகம் பிடித்திருந்தது. இன்றைக்கு தோஹா, அடுத்து மஸ்கட் என்று வாட்ஸ்அப் குரூப்பில் ரிப்பன் வெட்டும் படமாக வந்துகொண்டிருக்கும். கூடவே தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கவலையும் வரும்: கடைகள் பெருகப் பெருக வாடிக்கையாளரோடு இருந்த நெருக்கம் போய்விடக் கூடாது. கவலை நியாயமானதுதான். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்துதான் வேடிக்கை.

மிஸ்டரி ஷாப்பர் என்று ஒரு ஏற்பாடு. யாரோ ஒருவர் சாதாரண வாடிக்கையாளர் மாதிரி வந்து, குடித்துவிட்டுப் போய், எங்களுக்கு மார்க் போடுவார். கண்ணைப் பார்த்துச் சிரித்தார்களா, பெயர் கேட்டார்களா, கப்பைக் கொடுக்கும்போது அந்தப் பெயரைச் சொன்னார்களா. மார்க் குறைந்தால் அந்த மாத இன்சென்டிவ் போச்சு. யார் அந்த ஆள் என்று தெரியாது என்பதால் வருகிற எல்லோரிடமும் கேட்டாக வேண்டும்.

என்னோடு காலை ஷிப்டில் ஒரு பிலிப்பைன்ஸ் அக்கா இருந்தார். பக்கத்துக் கட்டிடத்தில் கணக்கு பார்க்கும் எகிப்துக்காரர் ஒருவர் தினமும் வருவார். அவர் கார் பார்க்கிங்கில் திரும்பும்போதே அக்கா கொட்டையை அரைத்து, அழுத்தி, மெஷினில் மாட்டிவிடுவார். ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போது டபுள் எஸ்பிரெசோ தயாராக இருக்கும், மூடி போடாமல், ஏனென்றால் அவர் நின்றபடியே ஊதிக் குடிப்பவர். பிள்ளையை அழைத்து வந்தால் சின்னக் கப்பில் வெறும் பால் நுரை, அதற்குக் காசு கிடையாது. இருவரும் பேசிக்கொள்வது இரண்டு வார்த்தை இருந்தால் அதிகம். செக்லிஸ்ட் வந்த பிறகு அக்கா அவரிடம் தினமும் பெயர் கேட்க வேண்டியதாயிற்று, பின்னால் நிற்கிறவர் மிஸ்டரி ஷாப்பராக இருந்துவிட்டால்? அவரும் முதல் சில நாள் சிரித்தார். அப்புறம் ஒரு நாள், “நேற்றும் இதே பெயர்தான்” என்றார். அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது.

இது எங்கள் கடைக்கு மட்டும் வந்த நோய் இல்லை. ஸ்டார்பக்ஸை வளர்த்த ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 2007 பிப்ரவரியில் தன் நிர்வாகிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார், அது வெளியே கசிந்து பெரிய பேச்சானது. பத்து வருடத்தில் 1,000-க்கும் குறைவான கடைகள் 13,000 ஆகிவிட்டன, அந்த வேகத்துக்காக எடுத்த முடிவுகள் ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் சரியாகத்தான் பட்டன, மொத்தமாகப் பார்த்தால் கடையின் உயிரே நீர்த்துப் போயிருக்கிறது என்பது அதன் சாரம். அதில் எனக்குப் பிடித்த இடம் மெஷின் உயரம் பற்றியது. கையால் இயக்கும் எஸ்பிரெசோ மெஷின்களை எடுத்துவிட்டு தானியங்கி மெஷின் வைத்தார்கள், வேலை வேகமானது, ஆனால் அது உயரமாக இருந்ததால் வாடிக்கையாளருக்கு காபி போடுகிறவர் தெரியவில்லை. கவுன்டரில் நின்றவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். முகம் தெரிந்தால் நானாக ஏதாவது சொல்வேன், அவராக ஏதாவது கேட்பார். பிறகு உயரம் குறைந்த மெஷின்கள் வந்தன. 2008 பிப்ரவரி 26 மாலை அமெரிக்காவில் சுமார் 7,100 கடைகளை மூன்று மணி நேரத்துக்கு மேல் மூடி எஸ்பிரெசோ போடுவதைத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள். விளம்பரம் என்று சிலர் கேலி செய்தார்கள். இருக்கட்டுமே, சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொள்ள நேரம் ஒதுக்கினார்கள் இல்லையா.

அதே வருடம்தான் ஆஸ்திரேலியாவில் இருந்த 84 ஸ்டார்பக்ஸ் கடைகளில் 61-ஐ மூடினார்கள். 2000-இல் போனவர்கள். மெல்போர்னில் இத்தாலியரும் கிரேக்கரும் வந்து குடியேறி, முதலாளியே மெஷினுக்குப் பின்னால் நிற்கிற கடைகளை எப்போதோ போட்டுவிட்டார்கள். தெருவுக்குத் தெரு ஆளைத் தெரிந்த கடை இருக்கிற ஊரில் போய் நெருக்கத்தை விற்றால் யார் வாங்குவார்கள்? உள்ளூர் ருசிக்கு வளைந்து கொடுக்கவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வார்கள், எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. 1996-இல் டோக்கியோவில் கின்சாவில் திறந்தபோதும் வளையவில்லையே. காபிக் கடை என்றாலே சிகரெட் புகை என்று இருந்த ஊரில் புகைபிடிக்கக் கூடாது என்று வைத்தார்கள், நன்றாகவே ஓடியது. அங்கே இல்லாத ஒன்றைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். நெருக்கம் குறைந்ததற்கு நான் கண்ணால் பார்த்த காரணம் டியூட்டி ரோஸ்டர். புதுக் கிளை திறந்தால் யாரை அனுப்புவார்கள்? பழைய கிளையில் நல்ல கை யாரோ அவரை. அக்காவை மஸ்கட்டுக்கு டிரெய்னராக அனுப்பினார்கள். சம்பளம் கூடியது, ஊரில் பாதியில் நின்ற வீட்டை முடித்தார், அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. அவர் இடத்துக்கு ஒரு நேபாளப் பையன் வந்தான், நல்ல பையன், நுரை அருமையாக எடுப்பான். ஆனால் எந்தக் கார் திரும்பினால் எதை அரைக்க வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொண்டு வருகிற நேரத்தில் அடுத்த கிளை திறந்தது, அவனும் போய்விட்டான். இடையில் லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள், கான்ட்ராக்ட் முடிந்து விசா புதுப்பிக்காமல் கிளம்புகிறவர்கள் தனி. கொட்டையையும் கப்பையும் பெட்டியில் போட்டு அனுப்புகிற மாதிரி பழக்கத்தையும் அனுப்பிவிடலாம் என்று தலைமை அலுவலகத்தில் நினைத்துவிட்டார்கள். எகிப்துக்காரர் கொஞ்ச நாளில் ஆப்பில் ஆர்டர் போட்டு, ஷெல்ஃபில் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிற கப்பை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார். மூடி போட்ட கப்.

2024-இல் ஸ்டார்பக்ஸுக்குத் தலைமையேற்ற பிரையன் நிக்கோல் கப்பில் மார்க்கரால் கையெழுத்தாக எழுதுவதையும், உட்கார்ந்து குடிப்பவர்களுக்குப் பீங்கான் கப்பையும் திரும்பக் கொண்டுவந்தார். என்னைக் கேட்டால் மார்க்கரை விடப் பீங்கான் கப் தேவலாம். அதில் குடிக்கிறவர் உட்கார்ந்தாக வேண்டும், நாமும் காலிக் கப்பை எடுக்க மேசைக்குப் போக வேண்டும், ஒரு வார்த்தை பேச வாய்ப்பாவது உண்டு. மார்க்கருக்கு நேரம் ஒதுக்காவிட்டால் அதுவும் செக்லிஸ்ட்டில் ஒரு வரிதான்.

ஒரு தடவை எங்கள் ஏரியா மேனேஜரிடம் சொன்னேன், எத்தனை கிளை வேண்டுமானாலும் திறங்கள், ஒவ்வொரு கடையிலும் காலை ஷிப்டில் இரண்டு பழைய ஆட்களை மட்டும் தொடாதீர்கள் என்று. “அப்போ புதுக் கடையை யார் திறக்கிறது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இடம் பேசும்போதே நாலு பேரைக் கூடுதலாக வேலைக்கு எடுத்து, பழைய கடையில் நிற்க வைத்துப் பழக்கலாம், சில மாதச் சம்பளம்தான் செலவு என்றேன். அப்படி ஒரு செலவுக்கு பட்ஜெட்டில் தலைப்பே இல்லை என்றார். திறப்பு விழா பலூனுக்கு இருந்தது.