72 ஓட்டு

மார்ச் 3, செவ்வாய்
அப்பாவுக்கு இன்னும் ட்ரிப்ஸ்தான். காலையில் அண்ணன் வந்தான், டாக்டரிடம் தனியாகப் பேசினான், "ஒண்ணுமில்லடா" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பழைய பேட்மேன் காமிக்ஸை மறுபடி எடுத்தேன். 1988-ல் வந்த, பேட்மேனின் கூட்டாளிப் பையன் ராபின் சாகிற கதை.

மார்ச் 4
ராபின் சாக வேண்டுமா என்று வாசகர்களையே போனில் ஓட்டுப் போடச் சொன்னார்கள். சாகட்டும் என்று 5,343 போன். பிழைக்கட்டும் என்று 5,271. ஒரு போனுக்கு 50 சென்ட். 72 ஓட்டில் போய்விட்டான் பையன்.

ஓட்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வில்லன் ஜோக்கர் அவனை அடித்த கடப்பாரையைப் பற்றியும். எனக்கு அந்த அம்மாவைத்தான் தாங்க முடியவில்லை. பெற்றவளைத் தேடி எத்தியோப்பியா வரை போகிறான் ஜேசன். ராபினின் நிஜப்பெயர் அது. நான்தான் ராபின் என்று அவளை நம்பிச் சொல்கிறான். அவளோ நேராக ஜோக்கரிடம் கொண்டுபோய் விடுகிறாள். அவனை அடிக்கும்போது இவள் திரும்பி நின்று சிகரெட் பிடிக்கிறாள். அப்படிப்பட்டவளைக் காப்பாற்றத்தான் குண்டு வெடிக்கும்போது குறுக்கே விழுகிறான்.

தூக்கம் வரவில்லை. பக்கத்துக் கட்டில் தாத்தா விடிய விடிய இருமினார்.

மார்ச் 5
அண்ணன் போனை எடுக்கவில்லை.

மார்ச் 7, சனி
ரிப்போர்ட் போன மாதமே வந்துவிட்டதாம். அண்ணி வாய்தவறிச் சொல்லிவிட்டார். சொன்னதும் பிளாஸ்கைக் கழுவப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

2012-ல் ஸ்காட் ஸ்னைடர் எழுதிய பேட்மேன் கதையை இன்று படித்திருக்கக் கூடாது. ஜோக்கரின் விளையாட்டுச் சீட்டு ஒன்று முன்பு எப்போதோ பேட்மேனின் ரகசியக் குகைத் தண்ணீரில் மிதந்து கிடந்திருக்கிறது. ப்ரூஸ், அதாவது பேட்மேன், அதைத் தன் கூட்டாளிப் பிள்ளைகளிடம் சொல்லவே இல்லை. தண்ணீர் அடித்துக்கொண்டு வந்திருக்கும், அவன் உள்ளே வந்திருக்க முடியாது என்று தானாகவே முடிவு செய்துகொள்கிறான். உங்கள் எல்லோர் பெயரும் எனக்குத் தெரியும் என்று ஜோக்கர் மிரட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது. டிக், டிம், பார்பரா, செத்துத் திரும்பி வந்த ஜேசன், டேமியன் ஐந்து பேரும் நிற்க, இவன் விளக்கம் கொடுக்கிறான். எல்லாம் அவர்கள் நல்லதுக்காம்!

கடைசியில் ஜோக்கர் எல்லோரையும் சாப்பாட்டு மேஜையில் கட்டி உட்காரவைக்கிறான். முகத்தில் ரத்தக் கட்டு. முன்னால் மூடிய தட்டு, திறந்தால் உரித்த முகம். அது பொய் முகம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஊர் திரும்பியதும் பேசலாம் வாருங்கள் என்று ப்ரூஸ் கூப்பிட்டால், ஆளுக்கொரு சாக்குச் சொல்லிவிடுகிறார்கள். ஒருத்தரும் வரவில்லை.

சரிதான். நானும் போயிருக்க மாட்டேன்.

மார்ச் 8
அப்பா இன்று கொஞ்சம் தெளிவாக இருந்தார். இரண்டு ஸ்பூன் கஞ்சி. என்னடா படிக்கிற என்றார். காட்டினேன்.

"வௌவால் மனுஷனா? இன்னுமா வருது?"

"1939-லிருந்து வருதுப்பா."

"அப்ப எனக்குப் பன்னிரண்டு வயசு மூத்தவன். அவனுக்கு முட்டி வலிக்காதா?"

சிரித்தார். சிரித்தால் இருமல் வருகிறது. அப்புறம், "அண்ணன் வந்தானா?" என்றார். வந்துட்டுப் போனான்ப்பா என்றேன்.

நானும் மறைக்கிறேன், பார்.

மார்ச் 9
72. லிஃப்ட் பக்கத்து அறைக்கும் அதே நம்பர். இத்தனை நாள் கவனிக்கவே இல்லை.

மார்ச் 10
செத்த ஜேசன் திரும்பி வருகிற கதை. ஜட் வினிக் எழுதியது, 2005-ல் ஆரம்பித்தது. என்னை ஏன் காப்பாற்றவில்லை என்று அவன் கேட்பதில்லை. அதை மன்னித்துவிட்டேன் என்கிறான். என்னைக் கொன்றவன் எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறான் என்றுதான் கேட்கிறான். ஒரு தடவை கொலை என்கிற அந்தக் கோட்டைத் தாண்டினால் திரும்ப முடியாது என்கிறான் ப்ரூஸ். கொள்கை சரிதான், மறுக்கவில்லை. ஆனால் பையன் கேட்டது கொள்கையையா? எனக்காக ஒரே ஒரு தடவை என்றுதானே கேட்டான். கிடைத்ததென்னவோ கழுத்தில் ஒரு வெட்டு. வீசியது வளர்த்த அப்பன்.

பையனோட உடுப்பை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிகிறது.

அண்ணனுக்கு ஒரு மெசேஜ் எழுதி அழித்தேன். மறுபடி எழுதினேன். அதையும் அழித்தேன்.

மார்ச் 11
2013. சொந்த மகன் டேமியன் செத்துவிட்டான். ப்ரூஸ் ஜேசனிடம் ஒரு வேலை இருக்கிறது வா என்று எத்தியோப்பியாவுக்குக் கூட்டிப்போகிறான். வேலை முடிகிறது. இருவருக்கும் நடுவில் கொஞ்சம் இளக்கம் வந்த மாதிரி இருக்கிறது. அப்புறம் பார்த்தால் நிற்பது ஜேசன் செத்த அதே இடம். நீ எப்படிப் பிழைத்து வந்தாய், ஞாபகப்படுத்து, டேமியனைக் கொண்டுவர வேண்டும் என்கிறான். அடிதடியாகிறது.

ஒரு மகனை மீட்க இன்னொரு மகனின் புண்ணைக் கிளறுகிற ஆள். இந்த இதழைப் பாதியில் மூடிவிட்டேன். பசித்தது. கேன்டீனில் பொங்கல் ஆறிப்போயிருந்தது.

மார்ச் 12
மணி 4.20. அண்ணன் கீழே வந்து நிற்கிறானாம். ஒரு பாஸ்தான், நான் இறங்கினால்தான் அவன் ஏற முடியும் என்கிறார் அட்டெண்டர். அப்பா தூங்குகிறார். பாஸ் என் சட்டைப் பையில்