காற்றுக்குப் பெயர் வைத்த ஊர்

"ஏத்தா, உங்க ஊர்ல காத்துக்குப் பேரே கிடையாதா?"

பாம்பனுக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. 2022 ஜூன் கடைசி. மாடியில் காயப்போட்ட சேலை ஒன்று பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு முருங்கையில் மாட்டிக்கொண்டது. "என்ன மதினி, இப்படிக் காற்று அடிக்குது" என்றேன். "கச்சான்ல" என்றார் பக்கத்து வீட்டு மதினி. கச்சான் என்றால் என்ன என்று கேட்டேன். கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போது கேட்டதுதான் அந்தக் கேள்வி.

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே வியந்துபோய்க் கேட்டார். அதனால்தான் சுருக்கென்றது. நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு எந்தத் துறையில் கட்டவேண்டும் என்று அட்டவணை போடும் வேலையில் 27 ஆண்டுகள் இருந்திருக்கிறேன். சன்னல் இல்லாத குளிர் அறை, முன்னால் நான்கு திரைகள். ஆயுளில் பாதியைக் கடலை நம்பியே ஓட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு காற்றின் பெயர் சொல் என்றால் வாயில் எதுவும் வரவில்லை. "காற்றுன்னா காற்றுதான் மதினி" என்றேன். "பாவம்" என்று சொல்லிவிட்டு மறுபடி மீன் அரிய உட்கார்ந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் பாம்பன்காரர். கப்பல் பட்டறை வேலைக்காக அங்கே வந்தவர், என்னைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். வேலை ஓய்வு பெற்றதும் 82 வயது அம்மாவோடு கொஞ்ச காலம் இருக்க வேண்டும் என்றார். சரி என்று கிளம்பி வந்தோம். அவருக்கு இது திரும்பி வந்த ஊர். எனக்கு, சிவப்புக் கடவுச்சீட்டோடு வந்து இறங்கிய வேற்று நாடு. பேசும் மொழி ஒன்றுதானே, என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்திருந்தேன். மொழியிலேயேதான் முதல் அடி விழுந்தது.

வந்த புதிதில் எனக்கிருந்த ஒரே பெரிய மனக்குறை, யாரும் தேதி சொல்வதில்லை என்பதுதான். அடுப்படி ஓடு நான்கைந்து சரிந்திருந்தது. கொத்தனாரை எப்போது வருவீர்கள் என்று கேட்டால் "கச்சான் கழியட்டும்மா" என்பார். படகை எப்போது இறக்குவீர்கள் என்று கொழுந்தன் மகனைக் கேட்டால் "நீரோட்டம் மாறட்டும் பெரியம்மா". ஒரு நாள், ஒரு மணி, ஒன்றும் கிடையாது. ஒரு கப்பல் நாற்பது நிமிடம் பிந்தினால் மூன்று பேருக்குத் தொலைபேசி போட்ட பழக்கம் எனக்கு. ஓடு சரியாக மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் கச்சான் அடித்துக்கொண்டேதான் இருந்தது. சோற்றில் மணல், தலையணையில் மணல், கதவைத் திறந்தால் படார், மூடினால் இரவெல்லாம் இரைச்சல். அதன் நடுவே கூரையில் ஏறி நின்று எவராலும் ஓடு மாற்றியிருக்க முடியாது என்பது எனக்குப் புரட்டாசியில்தான் உறைத்தது. கொத்தனார் எனக்குத் தேதி சொல்லியிருந்தார். அதை வாசிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் நானும் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். வாத்தியார் மதினிதான். வைகாசியிலிருந்து ஆவணி, புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து அடிப்பது கச்சான். ஐப்பசி பிறந்தால் வடகிழக்கிலிருந்து வாடை. வாடை ஓய்ந்து கச்சான் பிடிப்பதற்கு முன்னால் கிழக்கே இருந்து கொண்டல் லேசாக வரும். தெற்கே இருந்து வருவது சோளகம். நான் ஒரு நோட்டில் கோடு போட்டுக் கட்டம் கட்டி எழுதினேன். மதினி அதை வாங்கிப் பார்த்து, "இதுக்கு ஏன் பேப்பரு? வாசல்ல போய் நில்லு" என்றார்.

வாசலில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டவற்றில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இரண்டு கடல்கள். பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் நின்றால் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடகடலைப் பெண்கடல் என்பார்கள், தென்கடலை ஆண்கடல் என்பார்கள். ஆடி மாதம் பார்த்தால் அந்தப் பெயர்கள் சரி என்றுதான் தோன்றும். தெற்கே அலை எழும்பி எழும்பி விழுகிறது, வடக்கே குளத்துத் தண்ணீர்போலக் கிடக்கிறது. இதை நான் சொன்னபோது மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாடை வரட்டும், அப்பப் பாரு பொம்பளைக் கடலை" என்றார். கார்த்திகையில் போய்ப் பார்த்தேன். அப்படியே தலைகீழ். வடகடல் பழுப்பாகப் பொங்கிக்கொண்டிருந்தது, தென்கடல் சாந்தமாக வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. காற்றுக்குத் தக்கபடி நாட்டுப்படகுக்காரர்கள் கரை மாறுகிறார்கள். ஒரு கடல் மறுத்தால் இன்னொன்று இடம் கொடுக்கிறது.

இதைப் பார்க்கவே நான் அடிக்கடி பாலத்துக்குப் போவேன். சுற்றுலா வண்டிகள் நின்று ரயில் பாலத்தைப் படம் எடுத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடும். 1914இல் கட்டிய பழைய பாலமும் 2025 ஏப்ரலில் திறந்த தூக்குப்பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றது நல்ல காட்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே இடத்தில் ஆடியில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை வந்து நின்றவர்களுக்குத்தான் அந்தத் தண்ணீர் தன்னைக் காட்டுகிறது. அங்கே நிற்கும்போது என் மூச்சு தானாக நிதானப்படும். மருத்துவர் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரை அதன் வேலையைச் செய்கிறது. இது வேறு.

மதினி பாசி எடுக்கப் போகிறவர். 64 வயதிலும் போகிறார். விரல்களில் துணி சுற்றி, சேலைக்கு மேல் பழைய சட்டை ஒன்றை மாட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு மூச்சை அடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிடுங்குவார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்று அதற்கும் பெயர்கள் உண்டு. இவற்றிலிருந்துதான் களிபோல உறையவைக்கும் அகர் எடுக்கிறார்கள். நான் அங்கே பிறந்தநாள் விழாக்களில் தின்ற வண்ண வண்ண அகர் அகர் இப்படி யாரோ ஒரு பெண்ணின் மூச்சிலிருந்து வந்திருக்கலாம் என்பதை இந்த ஊருக்கு வந்துதான் நினைத்துப் பார்த்தேன். எல்லா நாளும் எடுப்பதில்லை. மாதத்துக்கு 12 நாள்தான் என்று அந்தப் பெண்களே தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பாசி மறுபடி வளர வேண்டுமே. அதற்காகப் பாதுகாவலர் எவரும் வந்து தலையில் குட்டவில்லை. மற்ற நாட்களில் மதினி திண்ணையில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, வெற்றிலை போட்டுக்கொண்டு இருப்பார். அப்படிச் சும்மா இருக்கக் கற்றவர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பதே எனக்கு ஒரு மருந்து.

ஒரு நாள் இதை அவரிடமே சொல்லிவிட்டேன். "உங்க வாழ்க்கை எவ்வளவு நிதானமா இருக்கு மதினி, எங்க ஊர்ல எல்லாரும் ஓடிக்கிட்டே இருப்போம்." அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "காத்து அடிச்சா உனக்கு ஓய்வு. எங்களுக்கு உலை வைக்க யோசனை" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் முட்டையிடும் காலம். கரையில் வரிசையாக ஏற்றி நிறுத்திய படகுகளும், நிழலில் வலை பொத்துகிறவர்களும், சாயம் அடிக்கிற பிள்ளைகளுமாகப் பார்க்க எவ்வளவு அமைதியாக இருக்கும். அதே நாட்களில்தான் நகை அடகுக்குப் போகும், பலசரக்குக் கடைக் கணக்கு ஏறும். என் ஓய்வூதியம் வந்துவிடுகிறது. அதனால் பருவங்களைப் பற்றி நான் என்ன சொன்னாலும் மதினியின் அந்த வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். எனக்குக் கிடைத்த சந்தோஷம் பொய் இல்லை. ஆனால் அதை ஊருக்கெல்லாம் பொதுவாக்க எனக்கு உரிமை இல்லை.

இப்போது எனக்கும் மாதங்கள் நாக்கில் தெரிகின்றன. தை பிறக்கும்போது பனங்கிழங்கு. மாசி, பங்குனியில் உச்சிப்புளிப் பக்கமிருந்து பதநீர், விடியற்காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் சுவை மாறிவிடும். சித்திரையில் நுங்கு. ஆவணியில் பனம்பழம் சுடும் வாசனை தெருவெல்லாம். வாடைக் காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் வரும். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் எத்தனாம் எண் என்று தெருவே கேட்டுக்கொள்ளும். மார்கழி முதல் வாரத்தில் அத்தை தூங்க மாட்டார். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது அவர் கைக்குழந்தைக்காரி. காற்றின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்து உட்கார்ந்துகொள்வார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒன்றும் பேசமாட்டோம்.

பழகிவிட்டது என்று தொலைபேசியில் தங்கையிடம் சொல்கிறேன். சொல்லி முடிக்கும் முன்பே அவள் வீட்டுப் பின்னணியில் மின்தூக்கிச் சத்தம் கேட்டுவிடும், எனக்குத் தொண்டை அடைத்துவிடும். ஒரு தடவை கீழக்கரையில் தொதல் வாங்கித் தின்றேன். தேங்காய்ப்பாலும் கருப்பு வெல்லமுமாக ஒட்டிக்கொண்டு வந்த அந்த முதல் வாயிலேயே சிங்கப்பூர் கேலாங் சிராய் நோன்புப் பெருநாள் சந்தையில் நிற்கிறேன். அங்கே மலாய்க்காரர்கள் செய்யும் டோடோல்தான் இது. எந்தக் காலத்துக் கப்பலில் ஏறிப் போய் வந்ததோ. கடைக்காரர் "என்னம்மா, காரம் ஏதும் பட்டுட்டா?" என்று பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்.

எங்கள் ஊரில் பருவமே இல்லை என்றுதான் இங்கே எல்லாரிடமும் சொல்லிவந்தேன். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர், வருஷம் பூராவும் காலை ஏழுக்கு விடியும், மாலை ஏழுக்கு இருட்டும், தினமும் புழுக்கம், திடீரென்று மழை, அவ்வளவுதான் என்று. இங்கே காற்றைக் கவனிக்கப் பழகிய பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. ஜூன், ஜூலையில் கடைத்தெருவே டுரியான் வாசனையாக இருக்குமே. சீனர்களின் ஏழாம் மாதத்தில் புல்வெளி ஓரமெல்லாம் காகிதம் எரித்த சாம்பல் பறக்குமே. வறட்சிக்குப் பிறகு ஒரு மழை பெய்தால் அங்சானா மரங்கள் ஒரே நாளில் பூத்துக் கொட்டி நடைபாதையை மஞ்சளாக்கிவிடும். மறுநாள் பெருக்கிவிடுவார்கள். நான் அதன்மேல் மிதித்துக்கொண்டு ரயிலுக்கு ஓடியிருக்கிறேன். எத்தனை வருஷம்!

போன ஆடியில் ஒரு விடியற்காலை. நாலரை மணி இருக்கும். கச்சான் ஒரு தூக்குத் தூக்கி அடித்தது, மாடிக் கதவு படார் என்றது. அரைத் தூக்கத்தில் என் வாய் தானாகக் கத்தியது: "அப்பா, சுமத்ரா!"

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் என்ன என்ன என்று கேட்கிறார், எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் அடுக்குமாடி வீட்டில் சன்னலுக்கு வெளியே மூங்கில் கம்புகளை நீட்டித் துணி காயப்போடுவோம். ஒன்பதாவது மாடி. சில நாள் விடிவதற்கு முன்னால் மேற்கே சுமத்ராத் தீவுப் பக்கமிருந்து கருப்பாக ஒரு மேக வரிசை வரும். அதற்கு முன்னோடியாக ஒரு காற்று வரும் பாருங்கள், கம்போடு துணியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அப்பா முதலில் எழுந்துவிடுவார். "சுமத்ரா வருது, கம்பை உள்ள இழு!" நாங்கள் மூன்று பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஆளுக்கொரு கம்பைப் பிடித்து இழுப்போம். ஈரத்துணி முகத்தில் அடிக்கும். அப்புறம் உலர்துணி இயந்திரம் வந்தது, வேலை வந்தது, அப்பா போய்விட்டார். அந்தச் சொல்லும் அவரோடு போய்விட்டிருந்தது.

விடிந்ததும் விடியாததுமாக மதினி வீட்டுக்கு ஓடினேன். அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஊர்க் காத்துக்கும் பேர் உண்டு மதினி."

"என்ன பேரு?"

"சுமத்ரா."

"எங்கிட்டிருந்து வரும்?"

"மேற்கேருந்து."

"எந்த மாசம்?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். "சித்திரையிலேருந்து ஐப்பசி வரைக்கும் வரும்."

மதினி ஊதுகுழலைக் கீழே வைத்தார். "அப்பக் கச்சானுக்குச் சொந்தக்காரன்தான்" என்றார். "மூணு வருசமா ஏன் சொல்லல?"

மறந்துவிட்டது என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை, ஒரு கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் அடுப்படியில் இருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தெருவே கேட்கும்படி மதினியின் குரல்:

"ஏத்தா, உன் சுமத்ரா வருது, சேலையை எடு!"