திருப்பூரில் பேப்பர் போட்டு, சரவணம்பட்டியில் சேர்ந்த கதை

திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஓர் ஆர்டரை எடுத்ததிலிருந்து அனுப்பும்வரை பார்த்துக்கொள்ளும் ஆளாக இருந்தேன். அங்கே பேப்பர் போட்டுவிட்டு, அதாவது ராஜினாமா செய்துவிட்டு, கோவை சரவணம்பட்டியில், கார்மெண்ட்ஸ் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து தரும் ஆபீஸுக்கு மாறினேன். வேலை ஒன்றும் புதிதில்லை. நூல், நிட்டிங், டையிங், கட்டிங் என்று ஒரு ஆர்டர் எங்கெங்கே தேங்கும் என்பது தெரிந்த ஆள் வேண்டும் என்றுதான் என்னை எடுத்தார்கள். என்னைப் படுத்தியது காகிதங்கள்தான். அதே வழியில் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

இண்டர்வியூ முடிந்த மறுநாள் எச்.ஆர். மேடம் போனில் 'ஃபோர் பாயிண்ட் எய்ட் சி.டி.சி.' என்றார். சி.டி.சி. என்றால் நமக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. ஆண்டுக்கு 4.8 லட்சம், அதாவது 4,80,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 40,000. அப்போது எனக்குக் கைக்கு வந்துகொண்டிருந்தது 22,200. வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டார்: "அதெல்லாஞ் செரி கண்ணு, புடிச்சது போக கைக்கு எத்தன வரும்?"

அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைத்தவர். பீஸ் ரேட்டில் தைக்கிறவர்களுக்கு உருப்படிக்கு எத்தனை பைசா, இந்த வாரம் எத்தனை டஜன் ஓடியது என்பதெல்லாம் மனப்பாடம். சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரிப்பதற்கு முன்பே தொகை தெரிந்துவிடும். மேசையில் உட்கார்ந்து மாதச் சம்பளம் வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பது என் அபிப்பிராயம். பிடித்தம் போகக் கைக்கு வரும் நெட் எவ்வளவு, பிடிப்பதற்கு முந்தைய கிராஸ் எவ்வளவு என்று கேட்டால் முழிப்பார்கள்.

சரி, அந்தக் கேள்வியையே எச்.ஆரிடம் கேட்டேன். ஆஃபர் லெட்டரோடு வரும், சம்பளத்தைப் பிரித்துக் காட்டும் அனெக்சரை முன்கூட்டியே அனுப்பச் சொன்னேன். முகம் சுளிக்காமல் அனுப்பினார்கள். மாதக் கணக்கு இப்படி இருந்தது. அடிப்படைச் சம்பளமான பேசிக் 20,000. கம்பெனி நம் பெயரில் கட்டும் வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எஃப்., பேசிக்கில் 12 சதவீதம், அதாவது 2,400. இதுவும் அந்த நாற்பதாயிரத்துக்குள்தான். கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடைக்கு என்று பேசிக்கில் 4.81 சதவீதம், 962. (இந்த 4.81 எங்கிருந்து வருகிறது என்று ரொம்ப நாள் தெரியாது. வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு இருபத்தாறு வேலை நாள். பதினைந்தை இருபத்தாறால் வகுத்து, பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் அதுதான் வரும்.) மெடிக்கல் இன்சூரன்ஸ் 638. வேரியபிள் பே 4,000. அது வருடக் கடைசியில், கம்பெனியும் நாமும் எப்படி ஓடினோம் என்று பார்த்துத் தருவது. இத்தனையும் கழிந்தபின் கிராஸ் 32,000. அதிலிருந்து நம் பங்கு பி.எஃப். இன்னொரு 2,400 போனால் கைக்கு 29,600.

தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. பிடிக்க மாட்டார்கள், ஏனென்றால் மாதச் சம்பளம் 21,000க்கு மேல் போனால் அது கிடையாது. தொழில் வரி நம் ஊரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குப் போவது. ஆண்டுக்கு 2,500க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியலமைப்புச் சட்டமே சொல்கிறது. அதனால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஆக, நாற்பது என்று கேட்டது முப்பதுக்குக் கீழே வந்து நின்றது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, ஊர் முழுக்க இப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் அவிநாசியிலிருந்து காந்திபுரம் போய், அங்கிருந்து சத்தி ரோடு பஸ் பிடித்து தினமும் போய்வர வேண்டும். 29,600க்கு அது கட்டுமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பிறகு எச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டேன். 'டோட்டலை ஏற்றச் சொல்லவில்லை. வேரியபிளில் பாதியை ஃபிக்ஸட் பக்கம் மாற்ற முடியுமா?' என்று மட்டும். இரண்டாயிரம் ஸ்பெஷல் அலவன்ஸாக மாறி வந்தது. கைக்கு 31,600. சி.டி.சி.யில் ஒரு ரூபாய் கூடவில்லை என்பதால் அவர்களும் யாரிடமும் அனுமதி கேட்டு அலைய வேண்டியிருக்கவில்லை. ஆஃபர் பேசும்போது 'இன்னும் கொஞ்சம் போட்டுக் கொடுங்க' என்பதைவிட இப்படி இடம் மாற்றிக் கேட்பது சுலபமாக நடக்கும்.

அடுத்து, பழைய கம்பெனியில் பேப்பர் போடுவது. என் அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டரில் நோட்டீஸ் பீரியட், அதாவது விலகுவதாகச் சொன்னபின் வேலை பார்க்க வேண்டிய காலம், இரண்டு மாதம். புதுக் கம்பெனியில் நாற்பத்தைந்து நாளில் சேரச் சொன்னார்கள். முதலாளியிடம் நேரில் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர்தான். "இந்த ஷிப்மெண்ட் போகட்டுந் தம்பி, அப்பறம் பேசிக்கலாமுங்க" என்றார். பனியன் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஒரு ஷிப்மெண்ட் போவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். வாய்ப் பேச்சில் நோட்டீஸ் நாள் ஓடாது என்று அன்று சாயங்காலமே மெயில் அனுப்பினேன். மூன்றே வரி. 'ப்ளீஸ் ட்ரீட் திஸ் மெயில் அஸ் மை ரெசிக்னேஷன்' என்று ஒரு வரி, 'மை லாஸ்ட் வொர்க்கிங் டே வில் பி' என்று தேதியோடு ஒரு வரி, பாக்கி இருக்கும் ஈ.எல். (சம்பளத்தோடு கூடிய ஈட்டிய விடுப்பு) பதினைந்து நாளை நோட்டீஸில் கழித்துக்கொள்ளும்படி ஒரு வரி. ஏன் போகிறேன், யார்மேல் வருத்தம் என்பதெல்லாம் அதில் வேண்டியதே இல்லை. 'அக்செப்டட்' என்று பதில் வரும்வரை இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது. அந்த ஒற்றைச் சொல் மெயில் பின்னால் எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

கடைசி வாரம், பாக்கி ஏதும் இல்லை என்று காட்டும் நோ டியூஸ் படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலைச்சல். சாம்பிள் ரூம், ஸ்டோர்ஸ், சிஸ்டம்ஸ், அக்கவுண்ட்ஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். லேப்டாப், சிம் கார்டு எல்லாம் கொடுத்தாயிற்று. ஸ்டோர்ஸ் அண்ணன் மட்டும் நோட்டைப் புரட்டி, "பேன்டோன் புக்கு ஒண்ணு உங்க பேர்ல நிக்குதுங்களே" என்றார். கலர் பார்க்கிற அந்தப் புத்தகம் விலை கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) சரிபார்க்க டையிங் யூனிட்டுக்குக் கொடுத்து அனுப்பியது. கொடுத்ததற்கு மெயில் இருந்தது. அவர்கள் மேசை டிராயரிலேயே அது கிடந்தது. போய் வாங்கி வந்து ஒப்படைத்தேன். மெர்ச்சண்டைசர்கள் பேப்பர் போடுவதற்கு முன்பே தங்கள் பெயரில் என்னென்ன நிற்கிறது என்று ஸ்டோர்ஸில் பார்த்துவிடுவது நல்லது. கடைசி நாளில் தேடினால் யாரும் உதவிக்கு இருக்க மாட்டார்கள்.

ரிலீவிங் லெட்டர் கடைசி நாளிலேயே கைக்கு வந்தது. ஃபுல் அண்ட் ஃபைனல் என்கிற கடைசிக் கணக்குத் தீர்ப்புதான் இழுத்தது. ஒருவழியாக வந்த தாளில் கடைசி மாதச் சம்பளம் இருந்தது, போனஸ் பாக்கி இருந்தது, கிராஜுவிட்டி இல்லை. கேட்டதற்கு, 'உங்களுக்கு அஞ்சு வருசம் ஆகலையே' என்றார்கள். என்னைக் கன்ஃபர்ம் செய்த தேதியிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். அதற்கு முன் டிரெய்னி என்று வைத்திருந்த ஒரு வருடத்துக்கும் மேலான காலத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

இங்கே எனக்குக் கைகொடுத்தது பி.எஃப். பாஸ்புக். டிரெய்னி காலத்தின் முதல் மாதத்திலிருந்தே எனக்கு பி.எஃப். கட்டியிருந்தார்கள். அப்போது இருந்த கிராஜுவிட்டிச் சட்டம் 1972ஆம் வருடத்தது. அதில் விலக்கு தொழில் பழகுநரான அப்ரெண்டிஸுக்குத்தான். சம்பளமும் பி.எஃப்.பும் கொடுத்து ஒருவரை வேலை வாங்கிவிட்டு, டிரெய்னி என்று பெயர் வைத்ததால் மட்டும் அவர் அப்ரெண்டிஸ் ஆகிவிட மாட்டார். முதல் மாதத்திலிருந்து எண்ணினால் ஐந்து வருடம் எட்டு மாதம். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதை முழு வருடமாக எடுக்க வேண்டும் என்பதால் ஆறு வருடம். கடைசி பேசிக் 15,000. பதினைந்தால் பெருக்கி, இருபத்தாறால் வகுத்து, ஆறால் பெருக்கினால் 51,923 ரூபாய்.

சண்டைக்குப் போகவில்லை. ஃபார்ம் ஐ என்ற விண்ணப்பத்தை நிரப்பி, பாஸ்புக் பக்கங்களை இணைத்து, கணக்கை ஒரு தாளில் எழுதி, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். முப்பது நாளுக்குள் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்பதையும் ஒரு வரி சேர்த்தேன். அக்கவுண்ட்ஸ் அண்ணன் கூப்பிட்டார். "ஏனுங்க, நேர்ல சொல்லியிருந்தா ஆவாதுங்களா, தபால்ல எதுக்குங்க?" என்றார் வருத்தமாக. நேரிலும் சொல்லியிருந்தேன். ஆனாலும் அவரிடம் அதை விளக்கவில்லை. பணம் அக்கவுண்டில் ஏறியது.

இது பழைய சட்டக் காலத்துக் கதை. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. வேலையை விட்டவருக்குச் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளில் தீர்க்க வேண்டும் என்கிறது அதில் ஒன்று.

புது ஆபீஸில் ஆங்கிலம் வேறு மாதிரி ஓடியது. ஆர்டர் கொடுக்கும் பையருக்கு எழுதிப் பழகிய ஆங்கிலம் என்னுடையது, 'கைண்ட்லி அட்வைஸ்', 'அவெய்ட்டிங் யுவர் அப்ரூவல்' வகை. இங்கே 'பேண்ட்விட்த் இல்லை' (நேரமில்லை), 'இ.ஓ.டி.க்குள் முடிக்கலாம்' (இன்று வேலை முடிவதற்குள்), 'அவரையும் லூப்பில் வைங்க' (மெயிலில் அவரையும் சேருங்க) என்றார்கள். இரண்டு வாரத்தில் எனக்கும் ஒட்டிக்கொண்டது. காசு சம்பந்தப்பட்டவை இரண்டுதான்: லீவு தீர்ந்தபின் எடுத்தால் எல்.ஓ.பி., அதாவது அந்த நாள் சம்பளம் போச்சு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் காம்ப் ஆஃப், அதாவது ஈடாக ஒரு நாள் லீவு, அதைக் குறிப்பிட்ட நாளுக்குள் எடுக்காவிட்டால் காலாவதி. திருப்பூரில் ஞாயிறு ஓடினால் சனிக்கிழமைக் கவரில் சேரும். இதில் எனக்குப் பழைய முறைதான் பிடிக்கும்.

கடைசியாக, பி.எஃப். பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றியது. யு.ஏ.என். என்ற பன்னிரண்டு இலக்க பி.எஃப். எண் ஒன்றேதான், கம்பெனி மாறினாலும் மாறாது. சேரும்போது ஃபார்ம் 11 என்ற பி.எஃப். படிவத்தில் அந்த எண்ணைக் கொடுத்தேன். ஆனால் மாற்றல் கேட்கும்போது இரண்டு இடத்தில் நின்றது. ஒன்று, பெயர். ஆதாரில் என் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பழைய கம்பெனி பதிந்ததில் அப்பா பெயர் முழுசாக முன்னால். நம் ஊரில் இது இல்லாத ஆளே இல்லை. நாமும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கும் திருத்த விண்ணப்பமான ஜாயிண்ட் டிக்ளரேஷனை ஆன்லைனில் போட்டு, பழைய கம்பெனியை ஒப்புதல் கொடுக்கச் சொல்லி, அது சரியானது. கிராஜுவிட்டிக்குப் பின்னும் அக்கவுண்ட்ஸ் அண்ணன் முகம் கொடுத்துப் பேசினார் என்பதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, டேட் ஆஃப் எக்ஸிட். நான் விலகிய தேதியை அவர்கள் பதியவே இல்லை. கடைசிப் பங்களிப்பு ஏறி இரண்டு மாதம் ஆனபின் நாமே பி.எஃப். போர்ட்டலில் 'மார்க் எக்ஸிட்' போய், ஆதார் ஓ.டி.பி. கொடுத்துப் பதியலாம். அந்த 'அக்செப்டட்' மெயிலிலும் ரிலீவிங் லெட்டரிலும் இருந்த அதே தேதியைப் போட்டேன். புது வேலையில் சேர்ந்த தேதியைத் தாண்டிப் போய்விட்டால் இரண்டு கம்பெனியிலும் ஒரே சமயத்தில் இருந்ததுபோல் ஆகிவிடும்.

பணம் மாறியபின் பாஸ்புக்கைத் திறந்தால் பென்ஷன் பத்தியில் மட்டும் பூஜ்யம் இருக்கும். பக்கத்து சீட் தம்பி இதைப் பார்த்துப் பதறிப்போய் டாக்டர் பாலசுந்தரம் ரோட்டில் இருக்கும் பி.எஃப். ஆபீஸுக்கே கிளம்பிவிட்டான். பென்ஷனில் மாறுவது பணம் இல்லை, எத்தனை வருடம் வேலை பார்த்தோம் என்ற கணக்கு. அதைச் சர்வீஸ் ஹிஸ்டரியில் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு பத்து வருடத்தைத் தொட்டால்தான் மாதாந்திரப் பென்ஷனுக்குத் தகுதி என்பதால், இடையில் எடுத்துச் செலவழிக்காமல் மாற்றிக்கொள்வதுதான் லாபம்.